முகமில்லாத அட்டை: எர்த்சீ வரிசையில் ஒரு புது வரவு

அலமாரிக்கு எர்த்சீ முதல் நாவலின் புது அட்டைப் பேப்பர்பேக் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் இந்த மாயாஜால நாவல் 1968இல் வெளியானது. என்னிடம் இதே கதை வேறு வேறு அட்டைகளில் ஏற்கெனவே உண்டு. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த அண்ணன், அவரும் சேகரிப்புப் பித்து உள்ளவர்தான், புரட்டிப் பார்த்துவிட்டு, "கதை அதேதான் தம்பி, விலைதான் புதிது" என்றார்.

பேச்சை வளர்க்காமல் எல்லாப் பதிப்புகளையும் பட்டாலையில், வீட்டுக் கூடத்தில், ஆத்தங்குடிக் கல் மேல் பரப்பினேன். கதைநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். நாவலே அப்படித்தான் சொல்கிறது. முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையிலும் அந்த நிறம் உண்டு. அந்தப் பதிப்பு நமக்கு எட்டாத விலை. படத்தில் பார்த்ததோடு சரி. பின்னால் வந்த பல அட்டைகளில் அவன் வெளுத்துப் போனான். லெ குவினே இதைப் பற்றிக் குறைபட்டு எழுதியிருக்கிறார். புது அட்டையிலோ ஆளே இல்லை. ஒரு பருந்து, கொஞ்சம் கடல், பெரிய எழுத்து. பார்க்க அழகுதான். எனக்கு அது நழுவலாகப் படுகிறது. "தப்பான முகத்துக்கு முகமில்லாததே மேல்" என்றார் அண்ணன். அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

தப்பான படத்துக்கும் தனி மவுசு உண்டு என்பது வேறு கதை. டோல்கீனின் ஹாபிட் நாவலுக்கு 1965இல் பாலன்டைன் பதிப்பகம் போட்ட பேப்பர்பேக்குக்கு, ஓவியர் பார்பரா ரெமிங்டன் புத்தகத்தைப் படிக்காமலே அட்டை வரைந்தார். அதில் சிங்கம் எப்படி வந்தது என்று டோல்கீன் கோபப்பட்டார். அடுத்த அச்சுகளில் சிங்கம் காணாமல் போயிற்று. இன்று சேகரிப்பவர்கள் தேடுவது அந்தச் சிங்கத்தைத்தான்!

இனி உறை விஷயம். புது அட்டையின் மேட் லேமினேஷன் தொட்டால் பட்டுப் போல் இருக்கும். கறுப்பு மையில் கைரேகை அப்படியே பதியும், முதுகு மடிப்பில் படலம் முதலில் தூக்கும். பள்ளி நோட்டுக்குப் போடும் பிவிசி உறை இதற்கு ஆகாது. நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் தாளை அட்டையின் உயரத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டி, ஸ்கேல் விளிம்பால் அழுத்தி மடித்து, இரண்டு பக்கமும் உள்ளே செருகினேன். டேப் ஒட்டவில்லை, அதன் பசை மஞ்சளித்து அட்டையில் ஊறிவிடும். மடிப்பு கூர்மையாக விழுந்தால் உறை நழுவாது. புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அப்பத்தா வழி வைத்தியம்தான்: அலமாரித் தட்டு மூலையில் துணியில் முடிந்த வசம்பு.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழந்தமிழ் நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்து வைத்த ஊர்ப்பக்கம் இது. அந்தத் துணிச்சலில் சொல்கிறேன்: அட்டைக்காக ஒரே நாவலை மறுபடி வாங்குவது வீண் செலவல்ல. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. போகும்போது வெளுத்த கெட் இருக்கும் பதிப்பை மட்டும் இரவல் கேட்டார். உறையோடு கொடுத்தேன்.