வலி இல்லையென்றாலும் கர்ப்பப்பை வாயைக் கவனியுங்கள்

கர்ப்பப்பை வாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டே சமயங்களில்தான் காதில் விழுகிறது. ஒன்று பிரசவ அறையில், "இன்னும் வாய் திறக்கவில்லை" என்று டாக்டர் சொல்லும்போது. இன்னொன்று, யாருக்காவது புற்றுநோய் என்று தெரியவரும்போது. நடுவில் இருக்கிற அத்தனை வருஷமும் அதை யாரும் நினைப்பதே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம், ஏனென்றால் நோயைத் தடுக்க முடிகிற காலமே அந்த வருஷங்கள்தான்.

கர்ப்பப்பையின் அடிப்பகுதி ஒடுங்கி யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். நடுவில் ஒரு குறுகலான பாதை. மாதவிடாய் ரத்தம் இறங்குவதும் விந்தணு ஏறுவதும் அந்த வழியாகத்தான். அதில் சுரக்கும் சளி மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும். அப்போது விந்தணு சுலபமாக நீந்திப்போகும். அது முடிந்ததும் சளி கெட்டியாகி வழியை அடைத்துவிடும். இந்த மாற்றத்தை வெள்ளைப்படுதல் நோய் என்று நினைத்து பயப்படுகிற பெண்கள் ஏராளம். நாற்றமோ, அரிப்போ, நிறமாற்றமோ இல்லையென்றால் பெரும்பாலும் அது இயல்பானதுதான்.

கர்ப்பமானால் அதே சளி ஒரு அடைப்பாக இறுகி கிருமிகளைத் தடுக்கிறது, வாயும் மாதக்கணக்கில் மூடியே இருந்து குழந்தையைத் தாங்குகிறது. பிரசவ நேரத்தில் அதுவே மென்மையாகி, சுருங்கி, 10 சென்டிமீட்டர் வரை திறக்கிறது. சிலருக்கு முன்கூட்டியே திறந்துகொள்ளும், அவர்களில் சிலருக்குத்தான் வாய் மூடியே இருக்கத் தையல் போடுகிறார்கள்.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். இந்த வாயில் இரண்டு வகை செல்கள் சந்திக்கும் ஒரு எல்லை இருக்கிறது, எச்பிவி என்ற, உறவின் மூலம் பரவும் வைரஸ் தொற்றிக்கொண்டு சிக்கல் செய்வது பெரும்பாலும் அங்கேதான். தாம்பத்திய உறவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போதும் அது புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருஷம் ஆகும். இவ்வளவு அவகாசம் இருந்தும் பெண்கள் இதில் சாவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். அந்த அவகாசத்தில் வலி கிடையாது, அறிகுறி கிடையாது. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் டெஸ்டே.

டெஸ்ட் என்றால் இவ்வளவுதான்: காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள், ஒரு கருவியால் யோனியை லேசாக விரித்து, எச்பிவியோ செல் மாற்றமோ இருக்கிறதா என்று பார்க்க, சின்ன பிரஷ்ஷால் வாயைத் தடவி செல்களை எடுப்பார்கள். ஓரிரு நிமிஷம். ஒரு அழுத்தம் தெரியும், அப்புறம் லேசாக ரத்தக்கறை படலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், சின்ன அளவுக் கருவி கேளுங்கள், அது உங்கள் உரிமை. எச்பிவி டெஸ்டுக்கு நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. இந்த எச்பிவி டெஸ்டைப் பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை எச்பிவியையும் தடுக்காது.

ரிசல்ட்டில் எச்பிவி என்று வந்தால் அது புற்றுநோய் அல்ல. யார் மூலம் வந்தது என்று வீட்டில் சண்டையும் வேண்டாம், வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஆனால் உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நிரந்தரமாக நின்றபின் ரத்தம் என்றால் அடுத்த டெஸ்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, இனி டெஸ்ட் எதற்கு என்று இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சில ஆபரேஷன்களில் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வாயை விட்டுவைப்பார்கள். அப்படி என்றால் டெஸ்டைத் தொடர வேண்டும். வாயையும் சேர்த்து எடுத்திருந்தாலும், முன்பு அதில் செல் மாற்றம் ஏதும் கண்டுபிடித்திருந்தார்களா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் டெஸ்டை நிறுத்துங்கள்.