யுபிஎஸ்சி மெயின்ஸ்: கேள்வி ஆங்கிலத்தில், பதில் தமிழில்

ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற பணிகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் தேர்வின் இரண்டாம் கட்டமான மெயின்ஸைத் தமிழில் எழுதலாமா என்று யாராவது கேட்டால், ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன். பதிலைத்தான் தமிழில் எழுதலாம், கேள்வித்தாள் தமிழில் வராது. கட்டுரைத் தாளும் நான்கு ஜிஎஸ் (ஜெனரல் ஸ்டடீஸ்) தாள்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் எந்த மொழியிலும் விடை எழுதலாம் என்கிறது விதி. அந்த மொழியில் கேள்வியும் கேட்போம் என்று அதில் இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-இல் இரண்டு மொழியிலும் கேள்வியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் கொஞ்சம் திகைப்பார்கள்.

நான் 2023 மெயின்ஸைத் தமிழ் மீடியத்தில், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக வைத்து எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறி இன்டர்வியூ வரை போனேன். இன்டர்வியூ கதை தனி. முதல் கட்டமான பிரிலிம்ஸின் ரிசல்ட்டுக்கும் மெயின்ஸுக்கும் நடுவில் என்ன செய்தேன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதியவர்களின் அனுபவம் வெளியே அதிகம் கிடைப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

அந்த வருடம் மே 28 பிரிலிம்ஸ், ஜூன் 12 ரிசல்ட், செப்டம்பர் 15 மெயின்ஸ். சுமார் மூன்று மாதம். ஒன்பது தாள்கள். அதில் இந்திய மொழித் தாளும் ஆங்கிலத் தாளும் தலா 300 மதிப்பெண். 25 சதவீதம் வாங்கினால் போதும், ரேங்க்குக்குக் கணக்கில் வராது. ஆனால் அதில் தவறினால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மீதி ஏழும் தலா 250, மொத்தம் 1750. இந்தக் கணக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தலைவலி கொடுத்தது வேறொரு கணக்கு.

ஜிஎஸ் தாளில் மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி. பத்து மதிப்பெண் கேள்வி பத்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி பத்து. முதல் வகைக்கு 7 நிமிடம், இரண்டாவது வகைக்கு 11 நிமிடம் என்று வைத்தால் சரியாக 180 நிமிடம் ஓடிவிடும். யோசிக்க, கேள்வியை இன்னொரு தடவை படிக்க, தண்ணீர் குடிக்க எல்லாம் அதற்குள்ளேயே. நான்காவது தாளில் கேஸ் ஸ்டடி வருவதால் அங்கே கணக்கு மாறும், அவசரம் மாறாது.

இதில் தமிழ் எங்கே வருகிறது என்றால், 150 சொல், 250 சொல் என்ற அளவு நமக்கு உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் 150 சொல்லில் வருவது தமிழில் நூறை ஒட்டி முடிந்துவிடும். சொல் குறைந்தாலும் கை எழுத வேண்டிய எழுத்து குறையாது. அதனால் சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டேன். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே இடம் ஒதுக்கியிருப்பார்கள். பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம், பதினைந்துக்கு மூன்று. என் கையெழுத்தில் ஏழு நிமிடத்தில் ஒன்றேகால் பக்கம்தான் வரும் என்று தெரிந்தது. சரி, அந்த ஒன்றேகால் பக்கத்துக்குள் என்ன சொல்ல முடியும் என்பதுதான் என் பாடத்திட்டம் என்று முடிவு செய்துகொண்டேன்.

அண்ணா நகர் சாந்தி காலனிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன். டெஸ்ட் சீரிஸுக்குப் பணம் கட்டிய ஓர் இடத்தில் என் தமிழ் விடைத்தாள் டிக் மட்டும் போட்டுத் திரும்பி வந்தது. ஒரு பக்கத்திலும் ஒரு குறிப்பு இல்லை. படித்தார்களா என்பதே சந்தேகம். தமிழ் மீடியத்தில் இருப்பவர்கள் இதை எதிர்பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். விஷயம் சரியா என்று ஆங்கிலத்தில் எழுதும் ஒரு நண்பர் பார்ப்பார். மொழியைப் பார்க்க, ஹாஸ்டலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு ரிட்டயர்ட் தமிழ் டீச்சர்.

டீச்சருக்கு யுபிஎஸ்சி பற்றி ஒன்றும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. நிதிக்குழு பற்றி நான் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, 'மேற்கூறிய காரணங்களால் ஏற்படுகின்ற விளைவுகளாவன'ன்னு எழுதியிருக்கியே, 'இதனால்'னு போட்டா ஆகாதா? கை வலிக்கலையா உனக்கு?"

அன்று முழுக்க அதே வேலைதான். 'செய்யப்பட வேண்டியது அவசியமானதாகும்' என்பது 'செய்ய வேண்டும்' ஆனது. 'என்பது குறிப்பிடத்தக்கது' மொத்தமாகப் போனது. 'மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' என்று அரசாணை மாதிரி முடிந்த வரிகள் எல்லாம் பாதியாகச் சுருங்கின. பாடநூல் தமிழிலும் பத்திரிகைத் தமிழிலும் வளர்ந்த எங்கள் நாலு பேருக்கும் இதே பழக்கம். சுருக்கிய பிறகு அதே பதில் ஒரு பக்கத்துக்குள் வந்தது. மிஞ்சிய கால் பக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டோ ஒரு படமோ போட முடிந்தது. வேகமாக எழுதப் பயிற்சி எடு என்று எல்லாரும் சொல்வார்கள். என் கை பெரிதாக வேகமெடுக்கவே இல்லை, வாக்கியம்தான் சின்னதாயிற்று.

படிக்கும் பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் குறிப்பெடுத்தேன். படித்த பக்கத்தை மூடிவிட்டு, யாருக்கோ சொல்வதுபோலத் தமிழில் எழுதுவேன். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஆங்கில வாக்கியம் அப்படியே தமிழ் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்துவிடும். கலைச்சொல்லுக்கு மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் கைகொடுத்தன. பொருளியலும் புவியியலும் குறிப்பாக. மத்திய அரசின் 'திட்டம்' மாத இதழ் தமிழில் வருகிறது. மத்திய அரசின் செய்திகளை வெளியிடும் பிஐபியின் தமிழ்ச் செய்திக் குறிப்புகள் அரசுத் திட்டங்களின் பெயரைச் சரியாக எழுத உதவும். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் எழுதலாம் என்று அறிவிக்கையிலேயே அனுமதி இருக்கிறது. அதை நான் தாராளமாகப் பயன்படுத்தினேன். ஆனால் அனுமதி கலைச்சொல்லுக்கு மட்டும்தான். வாக்கியத்தையே ஆங்கிலத்தில் எழுதினால் வேறு மொழியில் எழுதியதாகிவிடும்.

விருப்பப் பாடத்துக்கு நான் கவலைப்படவில்லை. தமிழ் இலக்கியத்தின் இரண்டாம் தாளில் எது எதைப் படிக்க வேண்டும் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். குறுந்தொகையில் முதல் 25 பாட்டு, புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலம்பில் மதுரைக் காண்டம், கம்பராமாயணத்தில் கும்பகர்ணன் வதைப் படலம், திருப்பாவை முழுவதும், இன்னும் சில தற்கால நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இதற்கு நல்ல துணை. முதல் தாளில் மொழி வரலாறு கொஞ்சம் கடிக்கும்.

விருப்பப் பாடம் மற்ற தாள்களிலும் சும்மா இருக்காது. புறம் 184-இல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்கிறார். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா (பழைய நில அளவு) நிலம்கூட யானைக்குப் பல நாளுக்கு வரும். யானையே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பது அதிகம். வரிவிதிப்பு பற்றிய கேள்வியில் இதை ஒரு வரியில் வைக்கலாம். 2018 எதிக்ஸ் தாளில் (ஜிஎஸ் நான்கு) திருக்குறளே மேற்கோளாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நீட்டி எழுதியிருந்ததைப் பழைய கேள்வித்தாளில் படித்தபோது, 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று கண்டுபிடிக்க ஒரு நொடி ஆயிற்று. அதற்காக எல்லாப் பதிலிலும் குறளை ஒட்டவைப்பதும் நல்லதில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவர் உரமானியத்துக்கே ஒரு குறள் வைத்திருந்தார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிலிம்ஸ் தேறியவர்களுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் தமிழ்நாடு அரசு 25,000 ரூபாய் தருகிறது. 2023-இல்தான் அது தொடங்கியது. ஹாஸ்டல் வாடகையும் ஜெராக்ஸ் செலவும் அதில் போயிற்று. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் மெயின்ஸுக்கும் இலவசப் பயிற்சி கொடுக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அங்கே முதலில் விசாரிக்கலாம். படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தோடு உட்கார அங்கே தனிப் பகுதி இருக்கிறது.

செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. காலை 9 மணிக்குக் கட்டுரைத் தாள். இரண்டு பிரிவு, பிரிவுக்கு நாலு தலைப்பு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்து எழுத வேண்டும். நீதி அதிகமுள்ள சமூகத்துக்குத் தான தருமம் குறைவாகவே தேவைப்படும் என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்திருந்தது. பார்த்ததும் பேனா தானாகவே அங்கே போயிற்று. அன்றைக்குத்தான் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைக்கிறார்கள்; காலையில் பேப்பரைத் திறந்தால் அந்தச் செய்திதான். நான் புறநானூற்றில் வரும், 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்' என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் அறவிலை வணிகனில் தொடங்கினேன். மணிமேகலை கேட்டுச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனதைத் தொட்டு, பள்ளி மதிய உணவுக்கு வந்து, உணவு உரிமைச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிர்ப்பக்கமும் எழுத வேண்டுமே. எவ்வளவு நீதி இருந்தாலும் வெள்ளம் வந்த இரவில் பக்கத்து வீட்டுக்காரர்தான் சோறு கொண்டுவருவார் என்று ஒரு பக்கம் போயிற்று.

மறுநாள் ஜிஎஸ் ஒன்றும் இரண்டும். ஜிஎஸ் ஒன்றில் ஒரு கேள்வி: தென்மேற்குப் பருவக்காற்றை பீகார்ப் பக்கத்து போஜ்பூர்ப் பகுதியில் ஏன் 'பூர்வையா', அதாவது கிழக்குக் காற்று, என்கிறார்கள்? அந்தக் காற்று அங்குள்ள பண்பாட்டை எப்படிப் பாதித்தது? எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எங்களுக்குத் தென்மேற்குப் பருவம் என்றால் மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் குற்றாலச் சாரல். அதே பருவம் கிழக்கிலிருந்து வருகிறது என்றால்? பதற்றப்படாமல் ஒரு படம் போட்டேன். வங்கக் கடல் கிளை வடக்கே போகிறது, அரக்கான் மலையும் இமயமும் மறிக்கின்றன, காற்று கங்கைச் சமவெளி வழியாக மேற்கே திரும்புகிறது. ஆக, போஜ்பூரில் நிற்பவனுக்கு அது கிழக்குக் காற்று. படம் போட்டதும் முதல் பாதிக்கு நாலு வரியே தேவைப்பட்டது. பண்பாட்டுக்கு நெல் நடவுப் பாட்டையும் மழைக்காலப் பாட்டான கஜ்ரியையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இருபது கேள்வியையும் தொட வேண்டும் என்பதில் நான் கறார். அரைகுறையாகத் தெரிந்த கேள்விக்கும் அரைப் பக்கம் எழுதினால் ஏதோ கிடைக்கும், வெற்றுப் பக்கத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

கேள்வியை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதுவதில் ஒரு சின்னப் பழக்கம் நிறைய உதவியது. கேள்வியில் எத்தனை பாகம் இருக்கிறதோ அத்தனைக்கும் முதலில் பென்சிலால் கோடு. 'விவாதி' என்கிறதா, 'விமர்சனத்தோடு ஆராய்' என்கிறதா என்று ஒரு வட்டம். அதற்குப் பிறகு கேள்வியை மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. நேராகப் பதிலுக்குப் போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜிஎஸ் மூன்றும் நான்கும் முடிந்தபோது கட்டைவிரல் மடங்கவில்லை. நடுவில் ஐந்து நாள் இடைவெளி. அடுத்த சனிக்கிழமை மொழித் தாள்கள், ஞாயிறு விருப்பப் பாடம். தமிழ் மீடியத்துக்காரர்கள் ஆங்கிலத் தாளை மட்டும் லேசாக எடுக்கக் கூடாது. கட்டுரை, பத்தியைப் படித்து விடை, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குதல், இலக்கணம். கடினம் இல்லை. ஆனால் மூன்று மாதமாகத் தமிழிலேயே எழுதிவந்த கை ஆங்கிலத்தில் தடுமாறும். அந்த ஐந்து நாளில் தினமும் ஒரு சுருக்கம், ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் கும்பகர்ணனோடு போயிற்று.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. அதோடு இன்னொரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வை இந்திய மொழியில் எழுதியவர்கள் இன்டர்வியூவை அதே மொழியிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்கலாம். நாலு பேரில் எனக்கும் இன்னொருவருக்கும் அழைப்பு. அவர் ஆங்கிலம் என்று போட்டார், நான் தமிழ் என்று போட்டேன். டீச்சரிடம் போய்ச் சொன்னபோது, "அங்கேயும் 'என்பது குறிப்பிடத்தக்கது'ன்னு பேசிடாதே" என்றார்.