அழி பட்டனும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

வீட்டுப் புத்தகங்களைக் கணக்கு வைக்க பைத்தானில், டிகின்டர் (ஜன்னல், பட்டன் எல்லாம் வரைய பைத்தானோடு வரும் நூலகம்) கொண்டு ஒரு சின்னச் செயலி எழுதி வைத்திருக்கிறேன். எதை மாற்றினாலும் சேர், திருத்து, அழி என்று ஒவ்வொரு பட்டனையும் கையால் அழுத்திப் பார்ப்பதுதான் இதுவரை என் சோதனை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அந்த வேலையை நிரலிடமே விட முயன்று வருகிறேன்.

பட்டன் அழுத்துவது சுலபம். மெயின்லூப்பை (அழுத்தல்களுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கும் பகுதி) ஓட்டாமலே, பட்டனை அழுத்தியது போலவே செய்யும் இன்வோக் மெத்தடைக் கூப்பிட்டால் போதும். அழி பட்டனில்தான் மாட்டிக்கொண்டேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று ஒரு பெட்டி வரும், யாராவது பதில் சொல்லும்வரை அடுத்த வரி ஓடாது.

சரி, கேள்வி கேட்கும் ஆஸ்க்யெஸ்நோவையே மாற்றிவிடலாம் என்று, டிகின்டரின் மெசேஜ்பாக்ஸ் மாட்யூலில் அதன் இடத்தில் எப்போதும் ட்ரூ (அதாவது 'ஆம்') தரும் லாம்ப்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) ஒன்றை வைத்தேன். பெட்டி அப்போதும் வந்தது! ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகு பிடிபட்டது. என் கோப்பின் தலையில் ஃப்ரம், இம்போர்ட் போட்டு அந்தப் பெயரை நேரடியாக எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் என் கோப்பில் ஒரு தனிப் பெயர் உண்டாகி, பழைய ஃபங்ஷனையே பிடித்துக்கொண்டிருக்கும். மாட்யூலில் மாற்றியது அதற்குத் தெரியாது. பைத்தானின் சோதனை நூலகமான யூனிட்டெஸ்ட்டோடு வரும், பெயரைத் தற்காலிகமாக மாற்றித் தரும் பேட்ச் கொண்டு என் கோப்பில் உள்ள பெயரை மாற்றினேன், பெட்டி நின்றது. டெஸ்ட் முடிந்ததும் பழையதை அதுவே திருப்பி வைத்துவிடும்.

அப்புறம் 14 டெஸ்ட்டும் பாஸ். ஆனால் டெர்மினலில் ஒரு கீஎரர் (இல்லாத சாவியைத் தேடினால் வரும் பிழை) கிடந்தது. பட்டனின் ஃபங்ஷனுக்குள் பிழை எழுந்தால் டிகின்டர் அதைத் தானே பிடித்து, ட்ரேஸ்பேக்கை (பிழை எந்த வரியில் எழுந்தது என்ற விவரம்) அச்சிட்டுவிட்டுப் போய்விடுகிறது. இன்வோக்கை அழைத்த டெஸ்ட்டுக்கு அது வந்து சேர்வதே இல்லை. இந்த மூன்று வாரத்தில் நான் கற்றதில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

டிகின்டரின் முதன்மை ஜன்னலான டிகே கிளாஸிலிருந்து என் கிளாஸ் ஒன்றை உண்டாக்கி, அப்படிப் பிழையை அச்சிடும் ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன் மெத்தடை ஓவர்ரைடு செய்தேன், அதாவது அதன் இடத்தில் என்னுடையதை வைத்தேன். வரும் பிழையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேரும். டெஸ்ட் முடிவில் லிஸ்ட் காலியாக இருக்க வேண்டும். உடனே 3 டெஸ்ட் சிவப்பாயின. அழி பட்டன் தரவுத்தளத்தில் வரியை நீக்கிவிட்டு, திரையில் பட்டியலைப் புதுப்பிக்கும்போது விழுந்துகொண்டிருந்தது. என் டெஸ்ட் பார்த்ததோ தரவுத்தளத்தை மட்டும்.

இரண்டைச் சரிசெய்தாயிற்று. மூன்றாவது, கோப்பைச் சேமிக்கும் பெட்டியில் ரத்து கொடுத்தால் பெயர் காலியாக வரும் இடம். அதற்கும் பேட்ச் போட்டு, காலிப் பெயரைத் திருப்பித் தரும்படி வைத்திருக்கிறேன். திருத்தம் அடுத்த ஞாயிறு.