ஒரு தடவை வந்த ஸ்கோர வச்சு மனசு உடைஞ்சிடாதீங்க

நமக்கே தெரியாம உள்ள இருக்கற பாரபட்சத்த அளக்க ஆன்லைன்ல ஐஏடின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 1998ல உளவியல் ஆய்வாளர் ஆண்டனி கிரீன்வால்டும் இன்னும் ரெண்டு பேரும் வெளியிட்டது. முகமும் வார்த்தையும் மாறி மாறி வரும், ஒரு பிரிவு ஆளுங்க முகத்தையும் நல்ல வார்த்தையையும் ஒரே பட்டன்ல ஜோடி சேப்பாங்க, அப்புறம் ஜோடிய மாத்துவாங்க, எந்த ஜோடிக்கு எவ்ளோ வேகமா பட்டன் அழுத்துறோம்னு மில்லிசெகண்ட்ல கணக்கு போட்டு ஸ்கோர் குடுக்கும். எனக்கு முதல் தடவை வலுவான சாய்வுன்னு வந்துச்சு, ராத்திரி தூக்கமே வரல, ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா லேசானதுன்னு வருது. அதே ஆள் மறுபடி எடுத்தா ரெண்டு ஸ்கோருக்கும் உள்ள ஒட்டுறவு (ரெண்டும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற அளவு, 1ன்னா முழுசா ஒத்துப்போகுது, 0ன்னா சம்பந்தமே இல்ல) சுமாரா 0.5 தான், தனி ஒருத்தர பத்தி முடிவு சொல்ல இது பத்தவே பத்தாதுங்க. எந்த ஜோடி முதல்ல வருதுங்கறது கூட ஸ்கோர மாத்தும். பெரிய கூட்டத்தோட சராசரிய பாக்க உதவும், அத நான் மறுக்கல, ஆனா இத காட்டி ஒருத்தர வேலைக்கு வேணாம்னு சொன்னா அது அநியாயம்.