ஈரக்குமிழ் இறங்கி நின்றது: விசிறி வைத்த ஈரப்பதமானி, இரண்டாம் கட்டம்

இரண்டு வெப்பமானிகளை வைத்துக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி இது: ஒன்று வெறுமனே விட்ட உலர்குமிழ், மற்றது நனைந்த துணித் திரி சுற்றிய, நீர் ஆவியாவதால் குளிரும் ஈரக்குமிழ். விசிறி மாட்டியபின் ஈரக்குமிழ் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நிற்கிறது. உலர்குமிழ் 32 டிகிரி, ஈரக்குமிழ் 26. விசிறியை நிறுத்தினால் ஈரக்குமிழ் மெல்ல 27-க்கு ஏறிவிடுகிறது. அந்த ஒரு டிகிரிக்காக ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்பதை மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாலே போதும். 32-க்கு 26 என்றால் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) சுமார் 62 சதவீதம். அதே காற்றுக்கு 27 என்று படித்தால் 68 சதவீதம் வந்து நிற்கும். சுவரில் மாட்டும் பள்ளி ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் ஈரப்பதத்தைக் கூட்டிக் காட்டுவதற்குக் காற்றோட்டமின்மைதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் திரி.

திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கருவியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிய புது மல் துணியை அப்படியே சுற்றினால் வேலைக்காகாது. துணியில் போட்டிருக்கும் கஞ்சிப்பசை தண்ணீரை ஏறவிடாது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையும் வழவழப்பும் போகும்வரை அலசி, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடிக்க வேண்டும். அதன்பின் வெறும் விரலால் தொடக் கூடாது, தோலின் எண்ணெய்ப் பசையே நீரைத் தடுக்கும். காய்ந்த துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உருண்டு நிற்காமல் உடனே பரவினால் துணி தயார். பலமுறை துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துண்டு புது மல்லைவிட நன்றாக உறிஞ்சும், ஆனால் நீலம் போட்டதாக இருக்கக் கூடாது.

ஒரே அடுக்காக, இறுக்கமாக, ஓரம் மட்டும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். வெப்பமானியாக நான் பயன்படுத்துவது டிஎஸ்18பி20 என்ற மின்னணு வெப்பநிலை உணரி, ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு உறை போட்டது. உறையின் நுனியை மட்டும் நனைத்தால் மேல்பகுதி வழியாக வெப்பம் கீழே கடத்தப்பட்டு அளவு உயர்ந்துவிடும். அதனால் உறை முழுவதையும் மூடி, கேபிள்மேலும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றிக் கட்ட வேண்டும். திரியின் கீழ்முனை மூழ்கியிருக்கும் தண்ணீர்ப் புட்டியின் வாய்க்கும் உணரிக்கும் இடையே மூன்று நான்கு சென்டிமீட்டர் திரி வெளியே தெரிய வேண்டும். வெதுவெதுப்பாக ஏறிவரும் நீர் உணரியைத் தொடுவதற்குள் ஆறிவிட அந்த இடைவெளி தேவை. இடைவெளி அதிகமானால் அக்னி நட்சத்திர வெயிலில் திரி வழியிலேயே காய்ந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. குழாய்த் தண்ணீர் கூடாது, ஆர்ஓ தண்ணீரும் கூடாது. அதிலும் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும். நீர் ஆவியாகிப் போகப் போக உப்பு திரியிலேயே தங்கும், தங்கிய உப்பு ஆவியாதலைக் குறைக்கும், ஈரக்குமிழ் இறங்காது. பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும் (அமிலம் கலந்தது வேறு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்). கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதால் வாரம் ஒருமுறை திரியை மாற்றிவிடுவது நல்லது. விறைத்தாலோ மஞ்சளித்தாலோ வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, இரண்டு உணரிகளும் உள்ளே இருக்கும் குழாய். 63 மில்லிமீட்டர் பிவிசி, வெளியே அலுமினியத் தாள், ஒரு முனையில் 80 மில்லிமீட்டர் கணினி விசிறி. விசிறி காற்றை உறிஞ்ச வேண்டும், ஊதக் கூடாது. ஊதினால் மோட்டார் சூடு உணரிமேல் வரும். காற்று முதலில் உலர்குமிழையும் பிறகு ஈரக்குமிழையும் தொட வேண்டும், வரிசை மாறினால் உலர்குமிழும் குளிர்ந்துபோகும். குமிழ்களைக் கடக்கும் காற்றுக்கு நொடிக்கு மூன்று மீட்டர் வேகமாவது வேண்டும். காற்றுவேகமானி இல்லையென்றால் ஒரு வழி: விசிறிக்கு 9 வோல்ட் கொடுத்து ஈரக்குமிழைக் குறித்துக்கொண்டு 12 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். இன்னும் இறங்கினால் வேகம் போதவில்லை. அசையாமல் நின்றால் போதும்.

டிஎஸ்18பி20 வாங்கும்போது ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும், போலியும் நிறையப் புழங்குகிறது. அசலுக்கே பிழை வரம்பு அரை டிகிரி கூடவோ குறையவோ, ஆக இரண்டு உணரிகளுக்குள் ஒரு டிகிரி வித்தியாசம் வரலாம். மூன்றையும் ரப்பர் பேண்டில் கட்டி, ஃபிளாஸ்க் நீரில் கலக்கிக்கொண்டே 20, 30, 40 டிகிரியில் ஒப்பிட்டு, நெருக்கமான இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச வித்தியாசத்தை நிரலில் கழித்துவிடலாம்.

அளவு சரியா என்று பார்க்க சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டார் என்னும் வானிலை அறிக்கை கைகொடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்று குளிரும்போது அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) முழு டிகிரியில் வரும். ஆனால் கடற்காற்று கரையைத் தொட்டபின்தான் மீனம்பாக்கம் போய்ச் சேரும், எனவே அது புகும் நேரத்தில் ஒப்பிடாதீர்கள்.

மாணவர்களைப் பனிப்புள்ளியை வரையச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். காலையில் 26 டிகிரி, பனிப்புள்ளி 24 என்றால் ஒப்பு ஈரப்பதம் 89 சதவீதம். அதே ஆவியோடு காற்று 35 டிகிரிக்குச் சூடானால் அது 53 சதவீதம். பாடத்தில் இதைப் படிக்கிற பிள்ளை நண்பகலில் ஈரம் எங்கோ போய்விட்டது என்று நினைக்கிறது. எங்கும் போகவில்லை, பனிப்புள்ளிக் கோடு அப்படியே கிடையாக ஓடும். ஜூன் மாதத்தில் மேலைக்காற்று அடிக்கும் நாளில் அந்தக் கோடு விழுவதும், கடற்காற்று நுழைந்ததும் வெப்பநிலை இறங்க அது ஏறுவதும் வகுப்பிலேயே பார்க்கக் கிடைக்கும். மண்பானைத் தண்ணீர் ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே குளிராது என்பதையும் கூடவே ஒரு பானை வைத்து அளக்கச் சொல்லலாம்.

உணரிகளை வெயிலும் மழையும் படாமல் வெளியே வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டிக்கு இன்னும் பலகை அறுக்கவில்லை. கதவு வடக்கே பார்க்க வேண்டும், இரட்டைச் சாய்பலகை, வெள்ளை பெயின்ட், உணரிகள் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள். அதற்குள் மழைமானி கையைப் பிடித்து இழுக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது நின்றாக வேண்டும். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் உள்விட்டம் 104 வந்தால் வாய்ப்பரப்பு 85 சதுர சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 8.5 மில்லிலிட்டர். குழாய்க்குக் குழாய் தடிமன் மாறுவதால் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டே கணக்குப் போடுங்கள். வாய் விளிம்பை வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கூராக்க வேண்டும், அரம் வாங்கிவிட்டேன். வானிலைத் துறையைப் போலவே காலை 8.30-க்கு அளக்கப் போகிறோம்.