பழைய காரில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதற்கு முன்

பழைய காரில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்து, ஸ்கேனரைப் பொருத்திப் பார்க்கும்போது ஆக்சிஜன் சென்சாரின் பெயர் வந்துவிட்டால், அடுத்த வேலை புதிய சென்சார் வாங்குவதுதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அவசரத்தை நான் ஏற்பதில்லை. எஞ்சினுக்குள் எரிந்தது என்ன என்பதைச் சொல்லும் சாட்சி, புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் இந்தச் சென்சார். சாட்சி சொன்னது பிடிக்கவில்லை என்பதற்காகச் சாட்சியையே மாற்றினால் வழக்கு தீராது.

பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது சிர்கோனியா வகைச் சென்சார். 1976-இல் போஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக வால்வோ கார்களில் முதன்முதலில் இடம்பெற்றதும் இந்த வகைதான். புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனையும் ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப இது ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற சரியான விகிதத்தை ஒட்டி அந்த மின்னழுத்தம் சுமார் 0.45 வோல்ட்டாக இருக்கும். பெட்ரோல் கூடினால் 0.9 வரை ஏறும், குறைந்தால் 0.1 வரை இறங்கும். சூடான எஞ்சினில், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் இந்த இரு எல்லைகளுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை அது சரியாக வேலை செய்யாது என்பதால், அதைச் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

என் காரில் ஸ்கேனர் காட்டிய கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடு, பி0135. முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். சுற்று என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர், ஹீட்டர் ஆகிய எல்லாமும் அதில் அடங்கும். எனவே முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, காரிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரில் ஹீட்டருக்கு வரும் மின்சாரத்தை மல்டிமீட்டரால் அளந்தேன். பேட்டரியின் மின்னழுத்தம் குறையாமல் வந்தது. பிறகு எஞ்சின் ஆறியதும், சென்சாரிலிருந்து வரும் இரண்டு ஹீட்டர் ஒயர்களுக்கு இடையே மின்தடையை அளந்தேன். நல்ல ஹீட்டர் சில ஓம்கள் முதல் இருபது ஓம்கள் வரை காட்டும். இங்கே மீட்டர் அசையவே இல்லை. ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது என்பது அப்போதுதான் உறுதியானது.

எல்லாக் கோடுகளும் இப்படி நேராகப் பதில் சொல்வதில்லை. பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற செய்தி. வெடித்த வேக்யூம் குழாய், அடைபட்ட இன்ஜெக்டர், வலுவிழந்த பெட்ரோல் பம்பு என அதற்குக் காரணம் பல இருக்கலாம். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் சென்சாருக்கும் இடையே சிறு கசிவு இருந்தாலே போதும். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நல்ல சென்சாரும் பெட்ரோல் குறைவு என்றே சொல்லும். கன்வெர்ட்டரின் திறன் குறைவைக் குறிக்கும் பி0420 வந்தாலும் பின் சென்சாரை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. மேலும், எஞ்சின் ஆயிலோ கூலன்ட்டோ எரிபகுதிக்குள் கசிந்து பழைய சென்சாரைக் கெடுத்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதியதும் அதே வழியில்தான் போகும்.

கழற்றும் வேலையில் சிரமம் முழுவதும் மரையில்தான். பல ஆண்டுகள் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த மரை துருவேறிப் புகைக்குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. மரையில் ஊடுருவும் எண்ணெயை முந்தைய இரவே அடித்து வைத்து, மறுநாள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, குழாய் கையுறையோடு அணுகக்கூடிய இளஞ்சூட்டில் இருக்கும்போது திருப்புவது எனக்குப் பலன் தந்த முறை. பெரும்பாலான சென்சார்களின் தலை 22 மி.மீ. அளவுடையது. சாதாரண ஸ்பேனர் தலையின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால், ஒயர் நுழைவதற்குப் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட்டைப் பயன்படுத்துவது நல்லது. சிறிது தளர்ந்து மீண்டும் இறுகினால், வலுக்காட்டாமல் பின்னோக்கி முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் குழாயின் மரையும் சென்சாரோடு வந்துவிடும். அதன்பின் 18 மி.மீ. அளவு, 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட டேப் என்ற மரைவெட்டும் கருவியால் மரையைப் புதிதாக வெட்ட நேரிடும்.

புதிய சென்சாரின் மரையில் இறுகலைத் தடுக்கும் பசை பெரும்பாலும் பூசப்பட்டே வருகிறது. இல்லையெனில், சென்சாருக்கு ஏற்றது என்று குறிப்பிடப்பட்ட பசையை மரையில் மட்டும் மெலிதாகப் பூச வேண்டும். துளையிட்ட முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பக்கத்தில் சிலிக்கோன் சீலன்ட்டும் வேண்டாம். அதன் ஆவியே சென்சாரைப் பாழாக்கும். முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, பின்னர் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பொதுவாக அது 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஒயர் முறுக்கிக்கொள்ளாமலும் சூடான குழாயைத் தொடாமலும் பழைய கிளிப்புகளிலேயே அதை மாட்டுவது அவசியம். கனெக்டர் இல்லாத பொதுச் சென்சாரை வாங்கி ஒயர்களை வெட்டி இணைப்பதை நான் விரும்புவதில்லை. பல சென்சார்களுக்கு ஒப்பீட்டுக்கான வெளிக்காற்று ஒயரின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் போகிறது. அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும்.

புதிய சென்சாரைப் பொருத்தி, கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்த பிறகு, எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூயல் டிரிம் சதவீதத்தையும் ஸ்கேனரில் பார்த்தேன். டிரிம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றது, கலவை சரியாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். புகைப் பரிசோதனை நெருங்கியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறியீட்டை அழிக்கும்போது கம்ப்யூட்டரின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. ஆறிய எஞ்சினிலிருந்து தொடங்கி, நகரத்து வேகத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சில முறை ஓட்டி, அவை நிறைவுற்றதாக ஸ்கேனர் காட்டிய பிறகே பரிசோதனைக்குக் கொண்டு செல்லலாம்.