குறட்டைக்கு மாஸ்க் போட்டுப் பழகிய 3 வாரம்

போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு லோடு ஏற்றிப் போனேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கண் செருகிவிட்டது. கிளீனர் பையன் "அண்ணே!" என்று கத்தியதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். முந்தின ராத்திரி 8 மணி நேரம் படுத்திருந்தேன். தூங்காமல் வந்த அசதி இல்லை அது.

குறட்டை பல வருஷமாக உண்டு. "புள்ள அசந்து தூங்குது" என்பார் அம்மா. மனைவிதான் விடாமல் சொன்னாள்: "சத்தம் வந்தாக்கூட பரவால்லைங்க, திடீர்னு நின்னுபோவுது. மூச்சே இருக்காது. நான் எந்திரிச்சு உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருப்பேன்." அதை ஒருநாள் செல்போனில் வீடியோ எடுத்தும் வைத்திருந்தாள்.

முதலில் போன இடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 2 மாதம் வீணானது. இந்தக் கோளாறுக்குத் தூக்க மாத்திரையும் குடியும் ஆகாது, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தார். கழுத்தை அளந்தார், 44 செ.மீ. பிரஷரும் கூடுதல். தூக்கத்தில் நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சுப் பாதையை நெருக்கும்போது வருவதுதான் குறட்டை. முழுக்க அடைத்தால் மூச்சு நிற்கும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை நம்மை உலுக்கிவிடும், நமக்கு அது ஞாபகம் இருக்காது என்றார். 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர்.

ஒரு ராத்திரி வீட்டிலேயே டெஸ்ட். விரலில் கிளிப், மூக்கில் சின்ன குழாய், நெஞ்சில் பெல்ட். 10 விநாடியாவது மூச்சு நிற்பதையும் குறைவதையும் மணிக்கு எத்தனை தடவை என்று கணக்கிடுகிறார்கள். 5-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 41. ரிப்போர்ட்டைப் பார்த்து மனைவி அழுதுவிட்டாள்.

சிபாப் மெஷின் வாங்கச் சொன்னார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். காசு புரட்டியதைவிடக் கஷ்டம் அதைப் போட்டுப் பழகியது. முதல் ராத்திரி மூச்சு முட்டுவதுபோல் பயந்து ஒரு மணிக்குக் கழற்றி எறிந்தேன். இரண்டாவது நாள் வாய் திறந்து காற்றெல்லாம் வெளியே போய், காலையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூக்கு மேட்டில் புண். ஒரு வாரத்தில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

திரும்பப் போய்ச் சொன்னதும் டாக்டர் மூன்று விஷயம் மாற்றினார். வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். மெஷினில் தண்ணீர் வைக்கும் ஈரப்பதப் பெட்டி (டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்). படுத்ததும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும்படி அமைப்பு. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டு உட்காரவும் சொன்னார். எனக்குப் பெரிதாகக் கைகொடுத்தது இதுதான். மாஸ்க் பட்டையை இறுக்கக் கட்டினால் காற்று கசியாது என்று நினைத்திருந்தேன், தப்பு. கொஞ்சம் தளர்த்தியதும் புண் ஆறியது, கசிவும் நின்றது.

மூன்றாவது வாரம் ஒருநாள் விடிந்துதான் கண் விழித்தேன். தலைபாரம் இல்லை. மனைவியும் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

இப்போது மூச்சு நிற்பதாகவோ குறைவதாகவோ மெஷின் காட்டுவது மணிக்கு 3 தடவைதான். பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டர் நிறுத்த வேண்டாம் என்றார். ராத்திரிக்குக் களி ஒரு உருண்டையோடு சரி, உடம்பு 6 கிலோ இறங்கியிருக்கிறது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும் என்பதால் இன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன்.

அந்தக் கிளீனர் பையனின் அப்பாவும் லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் இடையிடையே மூச்சு நிற்குமாம். வீடியோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.